நாற்பத்தேழாம் எண் கண்ணாடி

ஆயுத பூஜை லீவு முடிந்த வெள்ளிக்கிழமை காலை, துர்காதேவி லேபைத் திறந்து உள்ளே போனபோது அறை கல்யாண வீடு மாதிரி மணத்தது. உலைக்குச் சந்தனப் பொட்டு, வேக்குவம் பம்புக்குச் சந்தனப் பொட்டு, கரண்ட் அளக்கும் மீட்டருக்கு மூன்று விரலால் இழுத்த பட்டையும் நடுவில் குங்குமமும். கம்ப்யூட்டரைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாம் அட்டெண்டர் கண்ணாயிரத்தின் கைங்கரியம். செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த அந்தக் காலேஜில் பதினாலு வருஷமாக ஆயுத பூஜை என்றால் அவர் வைத்ததுதான் சட்டம். அன்றைக்கு மட்டும் புரொபசர்களே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவேண்டும்.

துர்காதேவி சிரித்துக்கொண்டே தன் மேஜைக்குப் போனாள். மேஜை பளபளவென்று இருந்தது. மேஜை மேல் கிடந்த கண்ணாடித் துண்டும் பளபளவென்று இருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. கையில் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். "ஐயோ" என்று ஒரு சத்தம் வந்தது, தன் வாயிலிருந்துதான் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு துண்டுக் கண்ணாடிக்கு இத்தனை அமர்க்களமா என்று கேட்கத் தோன்றும். அந்தக் கண்ணாடியின் கதை அப்படி. மாலிப்டினம் சல்பைடு என்று ஒரு கறுப்புத் தூள் உண்டு, மெஷின்களுக்கு மசகாகப் போடுவது. பார்க்கத்தான் தூள், உள்ளே சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ரசாயனம் போட்டு அந்த அடுக்குகளைப் பிரித்து, தண்ணீரில் மிதக்கவிட்டு, பாலாடையை எடுக்கிற மாதிரி கண்ணாடியில் ஏந்தி எடுத்தால் மூன்றே அடுக்கு கனத்தில் ஒரு படலம் கிடைக்கும். ஒரு தலைமுடியின் கனத்தை நாற்பதாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் கனம். கண்ணாடியில் முன்பே பதித்து வைத்த இரண்டு தங்கக் கோடுகளுக்கு நடுவே அந்தப் படலம் பாலம் போட்டு உட்கார்ந்திருக்கும். குட்டைத் தண்ணீர் கெடும்போது கிளம்புகிற அம்மோனியா வாடை பட்டால் அதில் ஓடும் கரண்ட் ஏறும். வெயில் பட்டால் அதே படலம் தானாகவே கொஞ்சம் கரண்ட் கொடுக்கும். ஆக, பேட்டரி கீட்டரி எதுவும் இல்லாமல், வெயிலைக் குடித்து உயிர் வாழ்ந்துகொண்டு, மாமல்லபுரம் கடலோரத்து இறால் குட்டைகள் கெட்டுப்போவதை முன்கூட்டியே மோந்து சொல்லும் ஒரு சின்னக் கருவி. துர்காதேவியின் ஆறு வருஷ ஆராய்ச்சி, வரப்போகிற டாக்டர் பட்டம், எல்லாம் அதுதான்.

வெயில் பாதி கொஞ்சம் முரண்டு பிடித்தது. மோப்பப் பாதி ஜோராக வேலை செய்தது. நாற்பத்தாறு கண்ணாடிகள் விரிசல் விட்டும் சுருண்டும் போன பிறகு கிடைத்த நாற்பத்தேழாவது கண்ணாடி இது. இதை வைத்து எழுதிய கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொண்டுவிட்டது. திங்கட்கிழமை டெல்லியிலிருந்து, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் கமிட்டி வருகிறது, இந்தக் கண்ணாடியை நேரில் பார்க்க. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் லேசாகப் புகை அடித்தாற்போல ஒரு மங்கல் தெரியும். அந்த மங்கல்தான் படலம். இப்போது மங்கலைக் காணோம்.

கண்ணாயிரம் பொரிகடலைப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். கருங்குழிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் பெரிய குங்குமம்.

"இன்னா துர்காம்மா, லேபு எப்டி கீது? சும்மா ஜொலிக்குது பாத்தியா?"

"அண்ணே... இந்தக் கண்ணாடிய யாரு தொட்டது?"

"நான்தாம்மா. அதுல இன்னாவோ பூஞ்ச மாரி மங்கிப் போயி இருந்துச்சு. லேசுல போவல. ஸ்பிரிட்டு போட்டு ரெண்டு தபா அழுத்தித் தேச்சேன், அப்பாலதான் போச்சு" என்றார் பெருமையாக. பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "இன்னாம்மா ஆச்சு? இன்னா?"

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த பொட்டலம் சரிந்து கடலை தரையெல்லாம் உருண்டது. மனுஷன் பேயறைந்தாற்போல நின்றார்.

"நீதானம்மா சொன்ன, எல்லாத்தையும் நல்லா தொடச்சி வையுங்கண்ணே, கமிட்டி வருதுன்னு..."

சொன்னாள்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மதுராந்தகம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், கண்ணாடியைப் பெட்டியில் வைத்து மூடாமல் மேஜையிலேயே போட்டுவிட்டு, வாசலில் நின்றபடி சொல்லிவிட்டு ஓடினாள். வீட்டில் அப்பா டிராக்டருக்குப் பூஜை போடக் காத்திருந்தார். அவளுக்கு இப்போது யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை.

ஆராய்ச்சி கைடு வாசுதேவன் பத்து மணிக்கு வந்தார். திருக்கழுக்குன்றத்துக்காரர், ரிட்டயராக இரண்டு வருஷம் பாக்கி, அதிர்ந்து பேசாதவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரெல்லாம் அன்றைக்குக் காற்றில் போனது. கண்ணாயிரத்தை வராந்தாவில் நிற்கவைத்து அவர் போட்ட சத்தத்தில் கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"உனக்குப் பொட்டு வைக்கிறதுக்கு என் ஸ்டூடன்ட்டோட ஆறு வருஷம்தான் கிடைச்சுதா? படிப்புதான் இல்ல, புத்திகூடவா கிடையாது?"

"தெரியாம செஞ்சிட்டேன் சார். மன்னிச்சிக்கோ சார்."

"மன்னிச்சா அது திரும்பி வந்துடுமா?"

புதிதாகப் படலம் செய்ய மூன்று வாரம் வேண்டும். ரசாயனம் வேறு தீர்ந்துவிட்டிருந்தது. வாசுதேவன் தன் அறைக்குப் போய் பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம் எழுதினார். பணியில் அலட்சியம், விலைமதிப்பில்லாத ஆராய்ச்சிப் பொருள் நாசம், நடவடிக்கை எடுக்கவும். பதினாலு வருஷமாக டெம்பரவரியாகவே காலம் தள்ளிய கண்ணாயிரத்தின் பெயர் அந்த வருஷம்தான் பர்மனென்ட் லிஸ்டில் ஏறியிருந்தது. அடுத்த மாதம் ஆர்டர் வரவேண்டியது. திங்கட்கிழமை பிரின்சிபால் ஊரிலிருந்து வந்து இந்தக் கடிதம் அவர் கைக்குப் போனால் பர்மனென்ட்டும் இல்லை, டெம்பரவரியும் இல்லை, வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கண்ணாயிரம் லேப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. அவர் உருண்டு கிடந்த கடலையைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டுத்தான் போனார்.

மத்தியானம் துர்காதேவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. ஏதாவது ஒரு மூலையில் துளிப் படலம் ஒட்டிக்கொண்டிருக்காதா என்ற நப்பாசையில் நாற்பத்தேழாம் கண்ணாடியைச் சோதனைக் குடுவைக்குள் மாட்டினாள். மீன் தொட்டிக்குப் போடுகிற சின்ன மோட்டாரை ஓடவிட்டாள். அதிலிருந்து வரும் காற்று அம்மோனியா கரைசல் பாட்டிலுக்குள் குமிழி விட்டு, வாடையைச் சுமந்துகொண்டு குடுவைக்குள் போகும். நைட்ரஜன் சிலிண்டர் கட்டுப்படியாகாத லேபில் இதுதான் ஏற்பாடு.

கம்ப்யூட்டர் திரையில் கோடு படுத்துக்கிடந்தது. இருபது வினாடி. முப்பது வினாடி. சரி, எல்லாம் போய்த் தொலைந்தது என்று ஸ்விட்சை அணைக்கக் கை நீட்டினாள். அப்போது கோடு எழுந்தது. எழுந்து, சரசரவென்று ஏறி, உச்சிக்குப் போய் நின்றது.

துர்காதேவி நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டாள். இருக்கிறது! போகவில்லை! பிள்ளையாரே, என் அப்பனே! கண்ணாயிரம் அண்ணனைக் கூப்பிட வேண்டும் என்று வாசல் வரை ஓடினாள். ஓடியவள் நின்றாள். திரும்பி வந்து பழைய நோட்டைப் பிரித்துப் பிப்ரவரி மாதக் கணக்கைப் பார்த்தாள். அன்றைக்கு முழுப் படலத்தில் வந்த எண்ணும் இன்றைக்கு வந்த எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஸ்பிரிட் போட்டு இரண்டு தபா அழுத்தித் தேய்த்த கண்ணாடி. எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் பாதிகூட இருக்க நியாயமில்லை. பின்னே எப்படி அதே அளவு?

அலமாரியைத் திறந்து, தங்கக் கோடு மட்டும் போட்டு வைத்திருந்த புத்தம்புதுக் கண்ணாடி ஒன்றை எடுத்தாள். படலம் என்பதையே கண்ணால் பார்க்காத கண்ணாடி. மாட்டினாள். மோட்டாரைப் போட்டாள். ஏறக்கூடாது, ஏறக்கூடாது என்று முணுமுணுத்தாள்.

ஏறியது.

அம்மோனியா பாட்டிலை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் பாட்டிலை வைத்துப் பார்த்தாள். சனியன் பிடித்த கோடு அதற்கும் ஏறியது, கொஞ்சம்தான் குறைவு. அவ்வளவுதான், புரிந்துவிட்டது. பாட்டிலில் குமிழி விட்டு வந்தது ஈரக் காற்று. ஈரம் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்தது. படிந்த ஈரத்தின் வழியாகக் கரண்ட் ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்குத் தாண்டியது. படலம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எட்டு மாதமாக அவள் அளந்தது அம்மோனியாவை இல்லை, ஈரக் கண்ணாடியை.

மே மாதம் மாமல்லபுரம் தாண்டி தனகோடி என்பவரின் இறால் பண்ணைக்குக் கருவியைக் கொண்டுபோனது ஞாபகம் வந்தது. கடல் காற்றில் வைத்ததுமே கோடு விறுவிறுவென்று ஏறியது. தனகோடி விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாம்மா, குட்டையில இன்னும் எறாலே வுடல. காலியா கீது. அதுக்குள்ள கெட்டுப்போச்சுன்னு சொல்லுது உன் மெஷினு?" என்றார். பழைய சேற்றில் மிச்சமிருக்கும் அம்மோனியா என்று அவளும் வாசுதேவனும் அவருக்குப் பாடம் நடத்திவிட்டு வந்தார்கள். அந்த மனுஷன் அன்றைக்கே பிட்டுப் பிட்டு வைத்தாரே என்று இப்போது காது மடல் சுட்டது.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். படலம் இல்லாத கண்ணாடியை முதலில் அளந்துவிட்டுத்தான் எதையும் சொல்லவேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பிப்ரவரியில் வாசுதேவன் கேட்டார், "வெறும் கண்ணாடி பார்த்தியாம்மா?" என்று. அன்றைக்கு மீட்டருக்கு வேறொருவர் காத்திருந்தார், வெறும் கண்ணாடி என்ன பெரிதாகப் பேசிவிடப் போகிறது என்று தோன்றியது. "பார்த்தேன் சார், ஒண்ணும் வரலை" என்று சொல்லிவிட்டாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். அந்த நாளை வரவே இல்லை. கட்டுரையிலும் அதையே ஒரு வரியாக எழுதினாள். ஒரே ஒரு வரி. அச்சாகப் போகிறது.

நேராக வாசுதேவன் அறைக்குப் போனாள். "சார், தொடச்ச கண்ணாடி வேலை செய்யுது."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "என்னம்மா சொல்றே? அப்போ லேயர் போகலை! எனக்குத் தெரியும், அவ்வளவு சுலபமா போகாது அது!"

"புதுக் கண்ணாடியும் வேலை செய்யுது சார். லேயரே போடாதது. வெறும் தண்ணிக்கும் ஏறுது."

அவர் மெல்ல உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"வெறும் கண்ணாடி பார்த்தேன்னு சொன்னியே."

துர்காதேவி தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு அதுவே போதுமான பதிலாக இருந்தது. அவர் அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"சரி. யார்கிட்டயும் மூச்சு விடாதே. திங்கட்கிழமை அந்தக் கண்ணாடியையே மாட்டு. ஏறும், பார்ப்பாங்க, போவாங்க. அப்புறம் நிதானமா ஈரமில்லாத நைட்ரஜன் வாங்கி ஒழுங்கா செய்யலாம்."

"அப்புறம் யாராவது இந்தக் கண்ணாடியைக் கேட்டா சார்?"

"அதுக்குத்தான் கண்ணாயிரம் லெட்டர் இருக்கே. சாம்பிள் அட்டெண்டர் கையால போயிடுச்சு. கமிட்டி கிளம்பினதும் பிரின்சிபால்கிட்ட கொடுத்துடறேன், ஃபைல்ல ஏறிடும். யாரும் நம்மைக் கேள்வி கேட்க முடியாது."

காலையில் கோபத்தில் எழுதிய கடிதம் மத்தியானம் கேடயமாகிவிட்டது. இத்தனைக்கும் கெட்ட மனுஷர் இல்லை வாசுதேவன். அவளுக்கு ஸ்டைபண்ட் பணம் வராத மாதங்களில் எத்தனை பேரிடம் போய் நின்றிருக்கிறார்.

"அவருக்கு வேலை போயிடும் சார்."

"உனக்கு டிகிரி போயிடும்மா" என்றார் அவர், தணிந்த குரலில். "அவன் தொடச்சது உண்மைதானே? இல்லாததை எதுவும் நான் எழுதலையே. இல்லாததை எழுதினது யாருன்னு யோசிச்சுப் பாரு."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் மதுராந்தகத்தில் வீட்டில்தான் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் பொண்ணு டாக்டர் என்று அப்பா இப்போதே சொல்ல ஆரம்பித்திருந்தார். எந்த டாக்டர் என்று விளக்கமாகச் சொல்லவும் மாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவளை அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை.

திங்கட்கிழமை கமிட்டியில் மூன்று பேர் வந்தார்கள். தலைவி கோமளம் என்ற அம்மாள், நரைத்த கொண்டை, கழுத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. கூட இருந்த இருவரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டினார்கள். டீயும் வடையும் எடுத்துவர ஆள் போதாமல் கண்ணாயிரத்தையே கூப்பிட்டிருந்தார்கள். அவர் லேபுக்குள் கால் வைக்காமல், தட்டோடு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நெற்றியில் குங்குமத்தைக் காணோம்.

துர்காதேவி நாற்பத்தேழாம் கண்ணாடியை மாட்டினாள். மோட்டாரைப் போட்டாள். கோடு எழுந்து, அழகாக ஏறி, உச்சியில் நின்றது.

"பேஷ்!" என்றார் கோமளம் அம்மாள். மற்ற இருவரும் கை தட்டினார்கள். வாசுதேவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வாசலில் கண்ணாயிரம் வாயைப் பிளந்துகொண்டு திரையையே பார்த்தார். தான் தேய்த்த கண்ணாடி என்று அவருக்குத் தெரியும். அது எப்படி வேலை செய்கிறது என்றுதான் தெரியவில்லை. அவர் எட்டிப் பார்த்ததில் தட்டுச் சாய்ந்து டம்ளர்கள் கிணுகிணுத்தன.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் துர்காதேவி திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பேச வேண்டும் என்று அவள் முடிவு செய்துகொண்டு வரவில்லை, சத்தியமாக இல்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேடம், இந்தக் கண்ணாடியில ஒண்ணுமே இல்ல."

"என்னம்மா?"

"லேயர் இல்ல மேடம். வெறும் கண்ணாடி இது. ஈரத்துக்கு ஏறுது. பாருங்க." குடுவையைத் திறந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து ஹா என்று வாயால் ஊதினாள். கோடு விருட்டென்று ஏறியது. இன்னொரு தடவை ஊதினாள், இன்னொரு தடவை ஏறியது. கை தட்டியவர்களில் ஒருவர் தட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

கோமளம் அம்மாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "வெறும் கண்ணாடியில் மாற்றம் இல்லைன்னு கட்டுரையில் எழுதியிருக்கீங்களே?"

"நான்தான் எழுதினேன். அளக்கல மேடம். சார் கேட்டப்போ அளந்தேன்னு பொய் சொன்னேன். சார் என்னை நம்பினாரு." வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "கண்ணாயிரம் அண்ணன் மேல ஒரு லெட்டர் இருக்கு, சாம்பிளை அழிச்சிட்டாருன்னு. அவர் தொடைக்கலேன்னா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அந்த லெட்டரைக் கொடுக்காதீங்க சார்."

சட்டைப் பையிலிருந்த கவரின் மேல் வாசுதேவனின் கை போய் அழுத்திக்கொண்டது. கோமளம் அம்மாள் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். வாசுதேவன் கவரை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் படித்துவிட்டு, நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, "பத்திரிகைக்கு இன்னைக்கே எழுதுங்க, கட்டுரையை வாபஸ் வாங்கறோம்னு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். டீயை யாரும் தொடவில்லை.

கார் போன சத்தம் அடங்கியது. வாசுதேவன் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். துர்காதேவி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள். கண்ணாயிரம் ஆறிப்போன டீ ஒன்றை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி அவரும் உட்கார்ந்தார்.

"துர்காம்மா. என் வேல போவாதா?"

"போவாதுண்ணே. லெட்டர் அந்தம்மா எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்போ நான் எதயும் அழிக்கலியா?"

"அழிச்சீங்க. ஆனா அந்த மங்கல் இருந்தப்பவும் மெஷின் வேல செய்யலண்ணே."

கண்ணாயிரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். நாலு நாளாக அடக்கி வைத்த அழுகை. மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனசு லேசான ஆளாக அவள் பக்கம் திரும்பினார். பாவம், ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் கேட்டார்.

"அப்போ இத்தினி நாளா நீ ராப்பகலா இன்னாம்மா பண்ணிக்கினு இருந்த?"

துர்காதேவி அந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.